பிச்சி அணியின் முதல் தலைவிக்கு

நம் சாரணியர் கம்பெனியின் தகரப் பெட்டியைத் திறந்தவுடன் வசம்பு வாசனை மூக்கில் ஏறியது. துணியில் முடிந்த அந்த வசம்புத் துண்டுகளைப் பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்தவள் நீதான். “பூச்சி நம்ம புஸ்தகத்தப் படிச்சு முடிச்சிட்டுன்னா, நமக்கு என்னட்டி மிஞ்சும்?” என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ எதையாவது சொல்லிச் சிரித்தால், சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அப்போது என் வழக்கமாகியிருந்தது.

பெட்டியைத் திறக்கச் சொன்னது கவுன்சில். வரும் மாதம் நம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்கின்றன. பள்ளிக்கூடம், தாலுகாக் கச்சேரி, தபால் எல்லாம் மாறுவதுபோல் நம் சாரணியர் கவுன்சிலும் மாறுகிறது. இதுவரை திருவனந்தபுரத்துக்கு அனுப்பிய காகிதங்களை இனிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியும் தன் வரலாற்றைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்: எப்போது தொடங்கியது, யார் யார் கேப்டன், எந்தெந்த அணி, யார் யார் தலைவி, யாராவது நீக்கப்பட்டார்களா, ஏன். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான் இப்போது ஆறாம் பாரம். கம்பெனித் தலைவியும் நான்தான்.

‘நீக்கப்பட்டார்களா, ஏன்’ என்ற இடத்தில் நம் கம்பெனியில் ஒரே ஒரு பெயர்தான் வரும். அது உன் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் கூட்டக் குறிப்பில், ‘கம்பெனியின் இரகசியத்தை வெளியிட்டதால்’ என்று அதற்குக் காரணம் எழுதியவள் நான். அதை அப்படியே பெயர்த்து எழுதினால், உன்னை ஒருநாளும் பார்த்திராத ஊரில், ஒரு அலமாரியில், நீ என்றைக்கும் காட்டிக்கொடுத்தவளாகவே இருப்பாய். மறுத்துச் சொல்ல நீ இல்லை. அதனால்தான் வரலாற்றை எழுதும் முன்பு உனக்கு இதை எழுதுகிறேன்.

முதல் பக்கங்கள் எனக்குச் சிரமமாக இல்லை. நம் மாவட்டத்தில் முன்பு இரண்டு விதமான சாரணியர் இருந்ததையும், ஒருவர் பேட்ஜைக் கண்டு மற்றவர் முகம் திருப்பியதையும், பிறகு இரண்டையும் ஒன்றாக்கியதையும் எழுதினேன். ஒன்றாக்கியது பேருக்குத்தான். கவுன்சில் கூட்டத்தில் இரண்டு பக்கத்து அம்மாக்களும் பழையபடி இரண்டு வரிசையாகத்தான் உட்கார்ந்தார்கள் என்று முதல் கேப்டன் சொன்னதை எழுதவில்லை. நம் பள்ளிக்கூடத்தில் மூன்று அணிகள் அமைந்ததை எழுதினேன்: பிச்சி, தாமரை, செவ்வந்தி. பிச்சிக்குத் தலைவி நீ. உனக்கு அடுத்தபடி நான்.

நம் கம்பெனியை நடத்தியது கேப்டன் அல்ல, தலைவிகள் கூட்டம். அதை நாம் ‘கோர்ட்’ என்போம். மூன்று தலைவிகள், குறிப்பு எழுத நான், ஒரு மூலையில் கேப்டன். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. அங்கே ஒருத்தி ‘கைடு மானத்தின் மேல் சொல்கிறேன்’ என்றால், அதற்குமேல் அவளை யாரும் கேள்வி கேட்கக்கூடாது, நம்பியே ஆகவேண்டும். நம் கைப்புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி அது. ஒரு வார்த்தையால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்துபோகும் என்று நம்பினேன்.

ஆனால் அது சந்தேகம் தீரும் வருஷமாக இல்லை. உனக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் போயின, போலீஸ் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினால் பேச்சு மழைக்குத் தாவும். யார் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று எல்லாரும் காது கொடுத்தார்கள். உன் அம்மாவுக்கு நெய்யாற்றின்கரை. உன் அப்பா பேச்சிப்பாறை அணைக்கட்டில் சர்க்கார் வேலை. நீயும் அம்மாவும் வடசேரியில் வாடகை வீட்டில் இருந்தீர்கள். வாசலில் நின்று நான் கூப்பிட்டால் நீ தமிழில் பதில் சொல்வாய். அப்படியே உள்ளே திரும்பி அம்மாவிடம் மலையாளத்தில் ஏதோ சொல்வாய். அந்த ‘ஏதோ’ என்னை உறுத்தியது.

கைப்புத்தகத்தில் கூர்ந்து கவனிக்கும் பயிற்சி என்று ஒரு பகுதி உண்டே, அதைப் படித்துவிட்டு நான் தனி நோட்டு ஒன்று வைத்துக்கொண்டேன். அதில் உனக்கென்றே ஒரு பக்கம் இருந்தது உனக்குத் தெரியாது. ‘பேட்ஜ் குத்துவதில்லை. அலட்சியம்?’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வருஷம் பேட்ஜ் போதுமான அளவு வராததால் பாதிப் பேருக்குச் சட்டை வெறுமையாகத்தான் இருந்தது. இருந்தும் உன்னுடையதை மட்டும் எழுதினேன். ‘மூன்று விரல் வணக்கம் வைக்கும்போது கையைப் பாதியில் இறக்கிவிடுகிறாள்.’ ‘உறுதிமொழி சொல்லும்போது உதடு அசைவதில்லை. மூன்று வாரமாகப் பார்த்தேன்.’ இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அடியில் கோடு போட்டுக் கேட்டிருக்கிறேன். விடையும் நானே எழுதியிருக்கிறேன்: ‘மனத்தால் நம்மோடு இல்லை.’

அப்போதுதான் பேரணிச் சுற்றறிக்கை வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து கமிஷனர் அம்மாள் வருகிறார். மாவட்டத்துக் கம்பெனிகள் எல்லாம் கொடியின் முன் நின்று ஒரே குரலில் மலையாளத்தில் உறுதிமொழி சொல்ல வேண்டும். தாமரைத் தலைவி கனகம் கோர்ட்டில் அந்தக் காகிதத்தை உயர்த்திப் பிடித்தாள்.

“எனக்கு இதுல பாதி வாயில நுழையாது. நுழையாததச் சொல்லி எப்படியாக்கும் சத்தியம் பண்ணுகது?”

“அப்பம் பாதி சத்தியம் பண்ணு,” என்றாய் நீ.

செவ்வந்தித் தலைவி எஸ்தர் சிரித்துவிட்டாள். ஆனால் தமிழில் சொல்லலாம் என்று முதலில் சொன்னதும் நீதான். அது குறிப்பில் இருக்கிறது. மற்றவர்கள் மலையாளத்தில் தொடங்கும்போது நம் கம்பெனி தமிழில் தொடங்குவது என்று மூன்று தலைவிகளும் கை தூக்கினீர்கள். புதிதாக வந்த கேப்டன் டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான் இன்னைக்குக் காது கேக்காதவ. அப்படித்தான் எழுதிக்க,” என்று என்னிடம் சொன்னார். நான் அப்படியே எழுதினேன்.

பேரணிக்கு முந்தின சனிக்கிழமை, அணிக்கூட்டம் முடிந்தவுடன் நீ ஒரு கவரைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாய். “வீட்டுக்கா?” என்று கேட்டேன். “இல்லட்டி, ஒரு சோலி இருக்கு,” என்றாய். புத்தகத்தில் சொன்னபடி ஐம்பது அடி விட்டுப் பின்னால் வந்தேன். கோட்டாறு கடைத்தெருவில் கூட்டம். நீ நின்றபோது நான் ஒரு மளிகைக் கடையின் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன்.

“ஏ பிள்ளே, யாருக்குப் பயந்து ஒளிக்க? கணக்கு டீச்சரா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“சும்மாதான் மாமா.”

“சும்மா நிக்கதுக்கு எங்க மொளகாதான் கெடச்சுதா? தும்மீராத.”

தும்மிவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய். என்னைக் கண்டாயா, கடையைப் பார்த்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நேராகப் போய்க் கவுன்சில் செக்ரட்டரி அம்மாளின் வீட்டுப் படியேறினாய். உள்ளே மலையாளத்தில் பேச்சுக் கேட்டது. திரும்பி வரும்போது உன் கையில் கவர் இல்லை.

அடுத்த புதன்கிழமை கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. நம் கம்பெனி பேரணி வரிசையில் நிற்க வேண்டாம். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைச் செய்தால் போதும். விளக்கம் சொல்லக் கேப்டன் டீச்சர் அன்று மாலையே கவுன்சிலுக்கு வர வேண்டும்.

“வெள்ளம் கோரி ஊத்தவா நாம கைடுல சேந்தோம்?” என்று கனகம் அழுதாள். கோபத்தில் அழுதாள்.

டீச்சர் கவுன்சிலுக்குப் போயிருந்த அந்த மாலையிலேயே, அவர் இல்லாமல், கோர்ட்டைக் கூட்டினோம். தையல் அறையில். எஸ்தர் கதவைச் சாத்தினாள். கேள்வி கேட்டது நான். குறிப்பு எழுதுகிறவள் கேள்வி கேட்கக்கூடாது என்று விதி உண்டு. யாருக்கும் அது நினைவு வரவில்லை, எனக்கும்தான்.

“நீ சனிக்கிழம கோட்டாத்துக்குப் போனியா?”

“போனேன்.”

“யார் வீட்டுக்கு?”

“செக்ரட்டரி அம்மா வீட்டுக்கு.”

“கேட்டியளா! அவ வாயாலயே பறஞ்சாச்சு,” என்றாள் கனகம்.

நீ மறைப்பாய் என்று நினைத்து நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் வீணாயின. அதனால் கடைசிக் கேள்விக்குத் தாவினேன்.

“கோர்ட்ல பேசினத அங்க சொல்லல்லன்னு கைடு மானத்து மேல சொல்லு. சொன்னா நாங்க நம்பிருவோம். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்க மாட்டோம்.”

நீ உன் கழுத்து ஸ்கார்ஃபின் முடிச்சைத் தொட்டாய்.

“அந்த வார்த்தய மட்டும் என்ட்ட கேக்காத மக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளு, சொல்லுகேன்.”

“வேற கேக்க என்ன இருக்கு?” என்றேன்.

எஸ்தர் மட்டும், “டீச்சர் வரட்டுமே,” என்றாள். கனகம் கேட்கவில்லை. உன்னை நீக்கக் கை தூக்கினார்கள், எஸ்தரின் கை பாதிவரை போயிற்று, அதை நான் முழுக்கையாக எழுதினேன். சட்டைப் பையில் தைத்திருந்த, தலைவிக்குரிய இரண்டு வெள்ளைப் பட்டைகளையும் நீயே கத்தரி முனையால் பிரித்தாய். நூலைக்கூட அறுக்காமல் ஒவ்வொரு தையலாக எடுத்தாய். மேஜைமேல் வைத்துவிட்டு, “சின்னப் பிள்ளையளுக்குக் கயிறு முடிச்சு பாதியில நிக்கு. பாத்துக்க,” என்றாய். டீச்சர் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டு, “எனக்காகக் காத்திருக்க முடியல்லையா உங்களுக்கு?” என்று மட்டும் சொன்னார். மறுவாரம் அந்தப் பட்டைகள் என் சட்டைக்கு வந்தன.

பேரணியன்று நீ வரவில்லை. நாங்கள் தண்ணீர் கொடுத்தோம். வருஷக் கடைசியில் அம்மாவோடு பேச்சிப்பாறைக்குப் போனாய். அடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் என்றார்கள். காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை அம்மாள் உன் பெயரைச் சொன்னபோது எல்லாரும் எழுந்து நின்றோம். நாம் மட்டும் தனியாக மூன்று விரல் வணக்கம் வைக்கலாமா என்று எஸ்தர் என் காதில் கேட்டாள். அணித்தலைவி நான். ‘நீக்கப்பட்டவளுக்கு வைப்பதாக விதியில் இல்லை’ என்றேன். விதியில் வைக்கக்கூடாது என்றும் இல்லை. அதை அப்புறம்தான் தேடிப் பார்த்தேன்.

இப்போது கேள். வரலாறு எழுதுவதற்காகக் கவுன்சில் தன்னிடமிருந்த நம் கம்பெனியின் பழைய காகிதக் கட்டையும் என்னிடம் தந்தது. அதில் உன் கையெழுத்து இருந்தது. கோட்டாற்றுக்கு நீ கொண்டுபோன கவர். ஒரு பக்கக் கடிதம்தான்.

முதல் கேப்டன் உறுதிமொழி ஏற்பு நடத்திய அன்று உனக்கு அம்மை போட்டிருந்ததாம். அணிப் பட்டியல் அவசரமாகப் போகவேண்டியிருந்ததால், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று பட்டைகளை முதலில் தந்துவிட்டாராம். அந்தப் பிறகு வருவதற்குள் அவர் மாற்றலாகிப் போனார். புது டீச்சருக்கு உறுதிமொழி ஏற்கவைக்கும் அதிகாரப் பத்திரம் திருவனந்தபுரத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. ‘ஆகையால் நான் இன்னும் கைடு ஆகவில்லை. கைடு ஆகாதவள் கொடியின் முன் நின்று உறுதிமொழி சொல்வது பொய். பேரணிக்கு முன்னால் தாங்களே என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் சோதித்துத் தேற்றிய ஆறு சின்னப் பிள்ளைகளின் சேர்க்கை என்னால் செல்லாமல் போகக்கூடாது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாய்.

பேட்ஜ் குத்தாதது, வணக்கத்தில் கை இறங்கியது, உதடு அசையாதது எல்லாம் அதனால்தான். என் நோட்டில் எழுதியவை எல்லாம் கண்ணால் கண்டவை. ஒன்றுகூடப் பொய் இல்லை. விடை மட்டும்தான் பொய். சேர்க்கைப் பதிவேடு இதே பெட்டியில், கூட்டக் குறிப்பு நோட்டுக்கு நேர் கீழே இருந்தது. உன் பெயருக்கு எதிரே தேதி இல்லை. ஐம்பது அடி பின்னால் கோட்டாறு வரைக்கும் நடந்தவள், ஒரு நோட்டைத் தூக்கிக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை.

ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை. இதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி வரி இது: ‘எங்கள் கம்பெனியார் அன்று தமிழில் சொல்லப்போவதால், என்னையும் தமிழிலேயே ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.’ அந்த வரியின் அடியில் செக்ரட்டரி அம்மாளின் சிவப்புப் பென்சில் கோடு.

செய்தி உன்னிடமிருந்துதான் போயிருக்கிறது. நீ காட்டிக்கொடுக்கவில்லை, உன் பொய்யில்லாத தன்மைதான் சொல்லிவிட்டது. ஆறு பிள்ளைகளுக்காக ஒரு வரி, மானத்துக்காக ஒரு வரி என்று எழுதிக்கொண்டே போனவள், அந்தக் கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று நினைக்கவே இல்லை. அப்படித்தான் நான் நம்புகிறேன்.

நம்புகிறேன் என்று எழுதியபின்னும் பேனா நிற்கிறது. என் குணம் போகவில்லை, பார்த்தாயா. தையல் அறையில் ‘அந்த வார்த்தய மட்டும் கேக்காத’ என்றாயே, அது ஏன்? கைடு ஆகாதவளுக்குக் கைடு மானத்தின் மேல் சொல்ல உரிமை இல்லை என்பதாலா? சொன்னால் அந்த ஆறு பேரின் சேர்க்கை கெடும் என்பதாலா? இல்லை, கவுன்சில் கடிதத்தைப் பார்த்த அந்த நொடியிலேயே உன் கடைசி வரி உனக்கு நினைவு வந்துவிட்டதா? மூன்றும் பொருந்துகின்றன. செக்ரட்டரி அம்மாளிடம் போய் இதைக் கேட்டேன். அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “பாவம், நல்ல குட்டி. இதெல்லாம் இனி எதுக்கு? வரலாறுன்னா நல்லது நாலு எழுது போதும்,” என்றார். உன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்ட பகுதிக்கு என்ன பதில் தந்தீர்கள் என்றேன். காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார்.

நல்லது நாலு எழுதவில்லை. இப்படி எழுதியிருக்கிறேன்: பிச்சி அணியின் முதல் தலைவி உறுதிமொழி ஏற்க வாய்ப்புக் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தால் கம்பெனியின் தீர்மானம் தெரியவந்தது. காரணத்தைக் கேளாமல் கோர்ட் அவரை நீக்கியது. கேப்டன் அங்கே இல்லை. ஒரு தலைவியின் கை பாதிதான் உயர்ந்தது. விதிக்கு மாறாகக் கேள்வி கேட்டவரும், அவருடைய இடத்தைப் பெற்றவரும் இதை எழுதுகிறவரே. அந்த ஆறு பிள்ளைகளில் நான்கு பேர் இன்னும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் சேர்க்கையைப் பற்றி யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நான்.

போன வெள்ளிக்கிழமை கோர்ட் கூடியது. முகாம்தீ முன் நடிக்க நாம் இரகசியமாகத் தயாரித்த நாடகத்தின் கதையை அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தார்கள். செவ்வந்தி அணியில் ஒரு சின்னப்பெண், பெயர் தங்கம், அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அழைத்து நிறுத்தினார்கள்.

“கைடு மானத்து மேல சொல்லச் சொல்லுங்க அக்கா. இப்பம் தெரிஞ்சிரும்,” என்றாள் தாமரையின் புதுத் தலைவி.

தங்கம் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

“அது வேண்டாம்,” என்றேன். “அங்க நீ எதுக்குட்டி போன?”

“அத்தான் அங்க பியூன் வேல பாக்காரு அக்கா. சோத்துப் பாத்திரம் குடுக்கப் போனேன்.”

“வேற யாருட்டயும் பேசினியா?”

“பேசினேன். நாடகம் பத்தி இல்ல.”

அவள் சொன்னது எனக்கு முழுதாக நம்பும்படி இல்லை. பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. ‘நாடகம் பத்தி இல்ல’ என்பதை நான் கேட்காமலே சொன்னாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். ஆனாலும் அவளை உட்காரச் சொன்னேன். அத்தானின் பெயரைக் கேட்டேன். எந்த நாள், எந்த நேரம், வாசலில் யாரோடு பேசினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தாமரைத் தலைவி ஒருமுறை கொட்டாவி விட்டாள், ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியது. தங்கம் அழுகையை நிறுத்திவிட்டு, எரிச்சலோடு பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன்.